ஐம்பத்தோரு நிமிட வீடு

யுவராஜின் வீட்டை நான் இருநூற்றுப் பதினாறு தடவை கொளுத்தியிருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, அவர் வீட்டுக்கு மேற்கே காட்டோரத்தில் ஒரு பொறியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் அப்படி ஒரு தூக்கம் வரும். ஒரே குறை, அத்தனை தடவையும் அந்த வீடு ஐம்பத்தோரு நிமிடம் நின்றது. ஒரு தடவையாவது ஐம்பதில் விழுந்திருந்தால் என் ஆயுசில் பத்து வருஷம் கூடியிருக்கும்.

போலீசுக்குப் போன் போட வேண்டாம். நான் வைத்தது பொய்த்தீ.

எங்கள் ஊத்துக்கரடு குடியிருப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வீடுகள், நாற்பத்தோரு பேர், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நல்ல காற்றுக்காக வந்து சேர்ந்தவர்கள். பின்சுவரைத் தாண்டினால் காடு. வெளியே போக ஒரே ரோடு, அதில் ஒரே பாலம். மாசி பிறந்துவிட்டால் ஆளுயரம் வளரும் போதைப்புல் என்கிற காட்டுப்புல் என் தலையைப் போல வெளுத்துக் காய்ந்து நிற்கும். ஒரு மான் தும்மினால் போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

அதனால்தான் பயிற்சி மையத்திலிருந்து எங்களுக்கு ஒரு டீச்சரை அனுப்பினார்கள். பெயர் இளவெயினி, வயது இருபத்தெட்டு. எங்கள் தலைமுறைக்கு லோகேஷ், யுவராஜ், மோனிஷா என்றெல்லாம் வைத்துவிட்டு, இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சங்ககாலத்துக்குப் போய்ப் பெயர் எடுத்து வருகிறார்கள். முதல் வகுப்பில் அந்தப் பெண் ஒரு காய்ந்த தேக்கிலையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீங்க எல்லாம் நினைக்கற மாதிரி காட்டுத்தீ நடந்து வந்து வீட்டைத் தொடறதில்லீங்க. பொறிதான் பறந்து வருது, ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே. உங்க கூரையில இந்த மாதிரி ஒரு இலை கிடந்தாப் போதும், அதுல வந்து உக்காந்துக்கும். வீட்டைக் காப்பாத்தறதுன்னா தீயோட சண்டை போடறது இல்லீங்க. பொறி வந்து உக்கார எடம் இல்லாமப் பண்றது."

பிறகு பெட்டியைத் திறந்து கண்ணாடிகளையும், மாட்டிக்கொண்டால் நெஞ்சு சுடுகிற ஒரு சட்டையையும் கொடுத்தாள். தும்பி மாதிரி ஒரு பறக்கும் கருவி மாதம் ஒரு தடவை வந்து ஒவ்வொரு வீட்டையும் ஓடு ஓடாக, ஒட்டடை ஒட்டடையாகப் பார்த்துவிட்டுப் போகும். கண்ணாடியை மாட்டினால், இன்று தீ வந்தால் உங்கள் வீடு எப்படி எரியுமோ அப்படியே எரிந்து காட்டும். உள்ளே அகப்பட்டவர்கள் சாம்பல் நிற உருவங்களாக அங்குமிங்கும் ஓடுவார்கள். கூரை விழுந்ததும் ஓர் எண் வரும். அத்தனை நிமிடம் வீடு நின்றது என்று அர்த்தம்.

முதல் மாதம் எல்லோரும் அழுதோம். என் மனைவி மோனிஷா தன் தையல் மெஷின் உருகியதைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கீர்த்தனாக்கா மூன்று நாள் சோறு தொடவில்லை. மூன்றாவது மாதத்தில் அழுகை நின்றுவிட்டது. பக்கத்து வீடு எத்தனை நிமிடம் என்று கேட்க ஆரம்பித்தோம்.

அங்கேதான் சனியன் பிடித்தது. ஒவ்வொரு கேட்டிலும் அந்த எண் ஒளிர்ந்தது. காலையில் தன் வாசல் சருகைக் கூட்டி அடுத்த வீட்டு மதில் ஓரம் தள்ளுவார்கள்; அவர் அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ளுவார். ஒரே தேக்கிலை இருபத்திரண்டு வீட்டையும் சுற்றி மறுநாள் கிளம்பிய வாசலுக்கே வந்து சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு நிமிட வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

எல்லோரையும் விட உயரத்தில் நின்றவர் யுவராஜ். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், தனியாள். இட்லியைக்கூட எடை பார்த்துத்தான் விழுங்குவார் என்பது என் கணிப்பு. வீட்டைச் சுற்றி ஐந்தடிக்குச் சரளைக்கல், ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி வலை, கூரையில் ஒரு இலை கிடையாது. ஐம்பத்தோரு நிமிடம். டீச்சர் வந்து அவர் கேட்டில் பச்சை போர்டு மாட்டினாள். பாலம் அடைபட்டு வெளியே போக முடியாமல் போனால், நாற்பத்தோரு பேரும் ஓடிப்போய் ஒதுங்க வேண்டிய அடைக்கல வீடு அதுதான்.

யோசித்துப் பாருங்கள். எரிந்து செத்தாலும் ஒரு மரியாதை உண்டு. யுவராஜின் ஹாலில், யுவராஜ் நீட்டுகிற டம்ளரில் தண்ணீர் குடித்து உயிர் பிழைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்லுவது? போதாததற்கு மோனிஷா வேறு. "அவரு வீட்டுக் கூரையப் பாருங்க. துடைச்சு வச்ச தட்டாட்டம் இருக்குது." இப்படி அவள் ஒரு நாளில் எட்டுத் தடவை சொல்வாள். சரி, இரண்டு தடவை. எனக்கு எட்டாகக் கேட்டது.

எனக்கும் ஒரு பெருமை இல்லாமல் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவன் நான். பஸ்களே வாய் திறந்து பேச ஆரம்பித்த பிறகு என்னையும் மைக்கையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மைக்கும் ஸ்பீக்கரும் என் கார் ஷெட்டில் இருக்கின்றன, கார் இல்லை. தினமும் நாலு மணிக்கு ஊத்துக்கரடு முழுவதும் அங்கே கூடிவிடும். மோனிஷாவின் சுக்குக் காப்பி ஒரு கையில், என் அறிவிப்புகள் இரு காதிலும். கீர்த்தனாக்காவின் காணாமல் போன பூனை முதல் யார் வீட்டு மருமகள் எப்போது வருகிறாள் என்பது வரை எல்லாம் பஸ் ஸ்டாண்டு பாணியில். ஒன்பது வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. வராத ஒரே ஆள் யுவராஜ்.

அந்த ஷெட்டின் தென்னங்கீற்றுக் கூரையால் என் வீடு பதினேழு நிமிடத்தில் கிடந்தது. பொறாமையில் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டேன். வந்தவர்கள் வியர்வையில் காப்பியைக் குடித்தார்கள், ஆனாலும் வந்தார்கள். முப்பத்தொன்றுக்கு ஏறினேன். மேற்கு ஜன்னலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டியையும் கழற்றினால் முப்பத்தெட்டு என்றாள் டீச்சர். அதில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்காமல் எனக்கு மத்தியானத் தூக்கம் வராது. அதனால் அதைக் கழற்றாமலே முப்பத்தெட்டு வாங்கினேன்.

எப்படி என்று கேட்பீர்கள். முதல் மாதமே தும்பி எல்லார் வீட்டு வாசலிலும் காய்ந்து தொங்கும் மாவிலைத் தோரணத்தைக் கழற்றச் சொல்லியிருந்தது. போன பொங்கலுக்குக் கட்டியதை அடுத்த பொங்கல் வரை யாராவது கழற்றுவார்களா? எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, எங்கள் வாசலில் கைவைக்க ஒரு பூச்சிக்கு என்ன தைரியம் என்று முழங்கினேன். மனு எழுதினேன், எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். மையம் பயந்துபோய், வீட்டுக்காரர் 'நம்பிக்கைப் பொருள்' என்று எழுதிக் கொடுக்கும் எதையும் தும்பி பார்க்காது, டீச்சரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டது. என் வெட்டிவேர்த் தட்டியை சாமி படத்துக்குத் திரை என்று எழுதிக் கொடுத்தேன். சாமி படத்தையும் அந்த ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன், பொய் சொல்லக்கூடாதல்லவா.

பச்சை போர்டு மாட்டிய சில மாதங்களில் யுவராஜ் தன் முகப்புக் கூரைக்குக் கீழே ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டினார். சட்டைக்குள் வைக்கோல் திணித்த உடம்பு, கரி பூசிய பானைத் தலை, கோரைப்பல். மீசை மட்டும் தனியாக, ரெண்டு பக்கமும் மேலே முறுக்கி. ஊத்துக்கரட்டில் அப்படி முறுக்கிய மீசை என் ஒருவனுக்குத்தான் உண்டு.

"லோகேஷண்ணா, உங்க தம்பி அங்க தொங்கறாரு, ஒரு வாய் காப்பி குடுத்தனுப்புங்க" என்றார் கீர்த்தனாக்கா. ஷெட்டே சிரித்தது. மோனிஷாவும் சிரித்தாள். நான் எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொளுத்துவதில் ஒரு வெறியே வந்துவிட்டது. இருநூற்றுப் பதினேழாவது தடவை, கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் கவனித்தேன். 'நம்பிக்கைப் பொருட்களையும் சேர்த்துக் காட்டவும்.' எங்கள் மனுவுக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. தொட்டேன்.

பொறி பறந்து வந்தது. சரளைக்கல்லில் விழுந்து செத்தது, வலையில் மோதிச் செத்தது. ஒன்று மட்டும் என் மீசைக்குக் கீழே, பொம்மையின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. வைக்கோல் ஒரு மூச்சில் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து முகப்பு மரம், மரத்திலிருந்து கூரைக்குள். ஒன்பது நிமிடம்.

எழுந்து நின்று கைதட்டினேன். பிறகுதான் உள்ளே பார்த்தேன். அது அடைக்கல வீடல்லவா, நாற்பத்தோரு சாம்பல் உருவங்களும் அந்த ஹாலில்தான் இருந்தன. அதில் ஒன்று இடது காலை இழுத்து இழுத்து நடந்தது. மோனிஷாவுக்கு இடது முட்டி தேய்ந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன்.

உடனே போய் அவளிடம் சொன்னேன். அவள் கொத்தவரங்காயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அந்தப் போர்டு உங்களுக்கு வேணும். அதுக்குப் பொம்மைய வம்புக்கு இழுக்கறீங்க" என்றாள். டீச்சரிடம் போனேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தனக்கும் தெரியும், வாய் திறந்தால் வேலை போய்விடும், மனு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்றாள். வீட்டுக்காரராகப் பார்த்து இறக்கினால்தான் உண்டு.

யுவராஜ் வெள்ளைத் துணியால் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யுவராஜ், அந்தப் பொம்மைய எறக்கிருங்க. ஒம்பது நிமிஷத்துல வீடு போயிருதுங்க. நான் பொய்த்தீயில பாத்தேன்."

"எங்க வீட்டை நீங்க எதுக்குங்க கொளுத்தறீங்க?"

"சும்மா, பயிற்சிக்கு."

"எத்தனை தடவைங்க?"

"ஒரு ரெண்டு மூணு இருக்கும்."

அவர் துணியை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் கொளுத்துனா வீட்டுக்காரருக்குச் சேதி வருமுங்க. உங்களுக்குத் தெரியாதாட்ட இருக்குது. தினமும் ஒண்ணே முக்காலுக்கு என் மணிக்கட்டுல வரும். உங்கள் வீட்டை லோகேஷ் எரிக்கிறார். இன்னைக்கோட இருநூத்திப் பதினேழு. நூறு தாண்டுன அன்னைக்குத்தானுங்க பொம்மைய வாங்கிட்டு வந்தேன். மீசைய நானே வரைஞ்சேன்."

என் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார். "இதை எறக்கறேன், எறக்கிப்போட்டு இத்தனை நாள் எல்லாரையும் ஏமாத்துனேன்னு நானே ஒத்துக்கறேன்னு வைங்க. போர்டு அடுத்து யார் வீட்டுக்கு வரும்?"

"என் வீட்டுக்கு."

"அவ்வளவுதானுங்க," என்று கதவைச் சாத்தினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியவில்லை. நான் செய்தது, அடுத்த நாள் ரெண்டரை மணிக்கு, அவர் தூங்கும் நேரம் பார்த்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனது. ஏறிவிட்டேன். பொம்மையைக் கட்டிப்பிடித்துக் கயிற்றை அறுக்கப் போகும்போது தலைக்கு மேலே ரீங்காரம். மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த தும்பி, தேன் ஒழுகும் குரலில் ஊர் முழுக்க அறிவித்தது: "யுவராஜ் அவர்களின் வீட்டு முகப்பில் புதிய எரிபொருள் காணப்படுகிறது. எடை எழுபத்தாறு கிலோ. உடனே அகற்றவும்."

இருபத்திரண்டு வீடும் கூடியது. ஏணி உச்சியில் நானும் என் தம்பியும் கட்டிப்பிடித்து நின்றோம். செய்வினை வைக்கத்தான் ஏறினான் என்று யாரோ சொன்னார்கள். கீழே யுவராஜ் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து, ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டார். அதுதான் மிகவும் எரிச்சலாக இருந்தது.

மோனிஷா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சோறு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. நாலு மணிக்கு யாரும் வரவில்லை. நாற்பது நாற்காலிகளுக்கு அறிவிப்புச் செய்துவிட்டு, ஒரு சட்டிக் காப்பியையும் நானே குடித்தேன். அன்று சாயங்காலமே காணாமல் போன பொம்மை ரெண்டு நாளில் மறுபடி ஏறிவிட்டது, புது நீலச் சட்டையோடு, கச்சிதமான தையலோடு. முன்போலக் காற்றில் ஆடவும் இல்லை. அசையாமல் என்னைப் பார்த்து இளித்தது.

பதினோராம் நாள், நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது தீ வந்தது.

பொய்த்தீயில் சத்தம் குறைவு. நிஜத்தில் மூங்கில்கள் வெடித்தது ஆயிரம் தீபாவளி மாதிரி இருந்தது, இதில் மிகை இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரம் எரிந்துகொண்டே விழுந்து ரோட்டை அடைத்தது. தும்பி முதல் புகையிலேயே விழுந்துவிட்டது. எதிர் வீட்டுக் கேட் தெரியவில்லை, பச்சை போர்டு எங்கே தெரியப் போகிறது.

பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. யுவராஜின் வேலை அடைக்கல வீட்டு வாசலில் ரிஜிஸ்டரோடு நின்று தலை எண்ணுவது. என் வேலை மைக்கில் அந்த வீட்டை அறிவிப்பது. ஐம்பது தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். மைக்கைக் கையில் எடுத்தேன். நாக்கு நுனியில் யுவராஜ் பெயர் இருந்தது. கண்ணுக்குள் அந்த ஒன்பது நிமிடம் இருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றேன். "அடைக்கல வீட்டுக்குச் செல்லும் வண்டி ரத்து செய்யப்படுகிறது. அனைவரும் லோகேஷ் ஷெட்டுக்கு வரவும். அனைவரும் லோகேஷ் ஷெட்டுக்கு வரவும்."

பயந்துதான் சொன்னேன், சத்தியம். அதில் ஒரு சொட்டு சந்தோஷம் இருந்ததா என்றால், ஒரு குடம் இருந்தது.

வந்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். "சாகற நேரத்துல கூட உனக்குப் போர்டு வேணுமாடா" என்று வாழ்நாளில் யாரையும் மரியாதையில்லாமல் பேசாத கீர்த்தனாக்கா கேட்டார். அவர் கால்கள் ஒன்பது வருஷமாக நாலு மணிக்கு எந்தத் திசையில் நடந்தனவோ அந்தத் திசையில் நடந்திருந்தன. எண்ணினேன். எங்களையும் சேர்த்து நாற்பது பேர். ஒன்று குறைந்தது.

பொறி மழை இருபத்தாறு நிமிடம் பெய்தது. ஷெட்டிலும் அதை ஒட்டிய என் வீட்டிலுமாக எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள், டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி. ஈரச் சாக்கு, வாளி, துடைப்பம், தோசைக்கரண்டி. பொறி உட்கார்ந்த இடத்தில் அடி விழுந்தது. அப்போது மேற்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம். என் வெட்டிவேர்த் தட்டி. சாமி படத்துத் திரை. யாரும் அங்கே நிற்கவில்லை, எங்கள் எந்தப் பயிற்சியிலும் அங்கே தீ வந்ததில்லையே. காலை இழுத்துக்கொண்டு மோனிஷா ஓடினாள். எரிகிற தட்டியை இடது கையால் பிடுங்கி வெளியே எறிந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் புகைக்குள்ளிருந்து யுவராஜ் வந்தார். தோளில் எட்டு ஈரச் சாக்கு, கக்கத்தில் ரிஜிஸ்டர். "எல்லாரு பேருக்கும் நேரா வரவில்லைன்னு போட்டுட்டுத்தானுங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கை என் கையில் கொடுத்து, மற்றதோடு ஜன்னல் பக்கம் போனார்.

தீ மலையைத் தாண்டிப் போயிற்று. ஒரு உயிர் போகவில்லை. என் வீடு நின்றது, ஷெட் போயிற்று, ஸ்பீக்கர் உருகி ஒரு பக்கம் நாக்கைத் தொங்கப் போட்டது. புகை விலகியபோது எல்லோரும் தெருவில் நின்று யுவராஜ் வீட்டைப் பார்த்தோம். ஒரு ஓடு கறுக்கவில்லை. பொம்மை நீலச் சட்டையில் இரண்டு பொத்தல்களோடு, முறுக்கிய மீசையோடு இளித்துக்கொண்டு தொங்கியது. மோனிஷாவின் கையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போனேன். பொறி பட்டும் வைக்கோல் எப்படிப் பிடிக்காமல் இருக்கும்? சட்டைப் பொத்தலில் கம்பை விட்டேன். முகத்தில் மணல் கொட்டியது. ஏணி போட்டு ஏறினேன். வயிற்றில் ஈய முத்திரை ஒன்று தொங்கியது, அந்தக் காலத்தில் தராசுகளுக்கு வைப்பார்களே, அதே மாதிரி. அதில் எடை, கிராம் வரைக்கும். தேதி, நான் ஏணியில் பிடிபட்டதற்கு இரண்டு நாள் கழித்து.

கீழே ஏணி ஆடாமல் நின்றது. குனிந்து பார்த்தேன். யுவராஜ் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏணியில ஏறுன அன்னைக்குச் சாயங்காலமே கண்ணாடிய மாட்டிப் பாத்துட்டனுங்க," என்றார். "நீங்க சொன்னது சரிதான். ஒம்பது நிமிஷம். வைக்கோலை எடுத்துட்டு மணலைப் போட்டேன்."

"அப்ப ஏனுங்க சொல்லலை? சொல்லியிருந்தா நான் எல்லாரையும் அங்கதானே அனுப்பியிருப்பேன்."

அவர் துணியை எடுத்து ஏணியின் படியைத் துடைத்தார். "சொன்னா அன்னைக்கு நாலு மணிக்கு அதை மைக்குல சொல்வீங்க. ஊரே சிரிக்கும். தீ வந்த அன்னைக்கு எங்க வீட்டுல தண்ணி ஊத்தி வச்சுட்டு நாப்பது டம்ளரோட நிக்கறேன், ஒருத்தரு வரலை. அங்க உங்க ஷெட்டுல இருமற சத்தம் கேக்குது, அத்தனை பேரும். ஒம்பது வருஷமா அந்தச் சத்தத்தைத்தானுங்க கேட்டுட்டிருக்கேன்." துணியை மடித்துக்கொண்டே கேட்டார், "மோனிஷாம்மா கை எப்படி இருக்குதுங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவன் பொம்மையின் வயிற்றைப் பார்த்தேன். கிழித்துத் தைத்த இடத்தில் பச்சை நூலில் சங்கிலித் தையல், ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு. என் சட்டைக் காலரைக் குனிந்து பார்த்தேன். அதே தையல்.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்குள் மோனிஷா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் தைச்சுக் குடுத்தியா?"

"ஆமா. மூட்டையாட்டம் தூக்கிட்டு வந்து நின்னாரு. அவருக்கு ஊசி கோக்கத் தெரியலை. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. நானும் உங்ககூடப் பேசறதில்லையே அப்ப."

"அப்ப அந்த வீடு நிக்கும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு மோனி இங்க வந்தே? அங்க போயிருந்தா கைக்கு இப்படி ஆயிருக்காதில்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் தேவலை, இல்லை.

"நீங்க கூப்பிட்டீங்க, ஊரே இங்க வந்துருச்சு. நான் ஒருத்தி மட்டும் அவரு வீட்டுல போயி உக்காந்திருந்தேன்னு வைங்க. கையி ஆறிருமுங்க. அது உங்களுக்கு ஆறியிருக்குமா?"

அன்று ஒன்றே முக்காலுக்குக் கண்ணாடியை மாட்டினேன். முதல் தடவையாக என் வீட்டைக் கொளுத்தினேன், தீ வருவதற்கு முன் இருந்த வீட்டை, மூலையில் இருந்த அந்தப் பொடி எழுத்தையும் தொட்டு. பொறி வந்து நேராக மேற்கு ஜன்னலில் உட்கார்ந்தது. முப்பத்தெட்டு அல்ல, ஆறு. அந்த ஆறு நிமிடத்தில் ஒரு சாம்பல் உருவம் இடது காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது. கண்ணாடியைக் கழற்றாமல் கடைசி வரை பார்த்தேன்.

தூக்கம் வரவில்லை. நாலு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது.